செயற்கை டிஸ்க்குக்குப் பின்னே தண்டுவடத்தைக் காட்டியவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

கழுத்து டிஸ்க் மாற்று அறுவைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை அருகருகே வைத்துப் பார்த்து முடித்திருக்கிறோம். உங்கள் உழைப்பு இல்லாமல் அந்தப் படங்களில் படிக்க எதுவுமே இருந்திருக்காது.

முதல் வணக்கம் எம்.ஆர்.ஐ. அறைத் தொழில்நுட்பர்களுக்கு. கோபால்ட்-குரோம் தகடுள்ள டிஸ்க் படத்தில் பெரிய கருந்திட்டாக விழும்; டைட்டானியம் அவ்வளவு கெடுக்காது. தண்டுவடமோ டிஸ்க்கின் முதுகை ஒட்டியே ஓடுகிறது. வழக்கமான கழுத்து ஸ்கேனை அப்படியே ஓட்டியிருந்தால் பார்க்க வேண்டிய இடம்தான் முதலில் மறைந்திருக்கும். நீங்கள் டிஸ்க்கின் வகையைக் கேட்டறிந்தீர்கள். உலோகச் சிதைவு குறைய, 3 டெஸ்லா காந்த வலிமையை விட்டு 1.5 டெஸ்லா இயந்திரத்தில் படுக்க வைத்தீர்கள். உலோகத்தால் அதிகம் கெடும் கிரேடியன்ட் எக்கோ படமுறையைத் தவிர்த்து, குறைவாகக் கெடும் டர்போ ஸ்பின் எக்கோ எடுத்தீர்கள். கொழுப்பை மறைக்க ஸ்டிர் முறைக்கு மாறினீர்கள். சிதைவைச் சுருக்க, சமிக்ஞையைப் படிக்கும் அலைவரிசை அகலத்தைக் கூட்டினீர்கள்; அதை இரட்டிப்பாக்கினால் சமிக்ஞைத் தரம் சுமார் 30 சதவீதம் குறையும். அதை ஈடுகட்ட ஸ்கேன் நேரம் நீண்டது. பக்கவாட்டுப் படத்தில் அதிர்வெண் திசையை (உலோகச் சிதைவு பரவும் திசை) தலை-கால் வாக்கில் வைத்ததால் அந்தச் சிதைவு தண்டுவடத்தின் மேல் படரவில்லை. ஆனால் அப்போது விழுங்கும் அசைவின் நிழல் தண்டுவடத்தின் குறுக்கே விழும். அதற்காகத் தொண்டையின் மேல் அங்கிருந்து வரும் சமிக்ஞையை அடக்கும் மறைப்புப் பட்டை போட்டு, "எச்சில் விழுங்காதீங்க" என்று ஒவ்வொரு முறையும் பொறுமையாகச் சொன்னவர்களும் நீங்களே.

அப்படியும் தெளியாத சிலருக்கு சி.டி. மைலோகிராம் (தண்டுவடத்தைச் சுற்றியுள்ள திரவத்தில் சாயம் செலுத்தி எடுக்கும் சி.டி.) எடுத்துத் தந்தவர்களுக்கும் நன்றி. அதில் தண்டுவடத்தின் வெளிக்கோடு தெரியும், உள்ளிருக்கும் பாதிப்பு தெரியாது.

படம் படித்த கதிரியக்க மருத்துவர்களே, டி2 படத்தில் (டி1, டி2 இரண்டும் எம்.ஆர்.ஐ. பட வகைகள்) தண்டுவடத்துக்குள் தெரியும் வெண்புள்ளியை வெறுமனே 'உண்டு' என்று எழுதாமல், மங்கலா, கூர்மையான ஓரமா, அதே இடம் டி1 படத்தில் கறுத்திருக்கிறதா என்று பிரித்து எழுதினீர்கள். டி2-இல் வெளுப்பும் டி1-இல் கறுப்பும் சேர்ந்திருந்தால் மீட்சி குறைவாகவே இருக்கும். அழுத்தம் நீங்கிய பின்னும் வெண்புள்ளி நிலைக்கலாம். அதனாலேயே அறுவை தோற்றதாகாது. இதை அறிக்கையில் ஒரு வரியாகச் சேர்த்தது எத்தனை பேரின் பதற்றத்தைத் தணித்திருக்கும்!

அறுவைக்கு முன் சி.டி. எடுக்க வலியுறுத்தியவர்களையும் மறக்கவில்லை. எலும்புகளை இணைத்துவிட்டால் அசைவு நின்றுவிடும், மிச்சமான எலும்பு முள் பெரும்பாலும் தொல்லை தராது. செயற்கை டிஸ்க்கில் அசைவு தொடர்வதால் அதே முள் நரம்பை உரசிக்கொண்டே இருக்கும். முள் இருக்கும் இடம் முன்பே தெரிந்ததால் இருபுறமும் முழுமையாக எடுக்க முடிந்தது. உயரம் கூடிய டிஸ்க் வைத்தால் பின்புறச் சிறு மூட்டுகள் இழுபட்டு வலிக்கும். அகலம் குறைந்ததை வைத்தால் மூடப்படாத எலும்பு விளிம்பில் மிகை எலும்பு வளரும். அறுவை அரங்கில் அளவுகளை வரிசையாக எடுத்து நீட்டிய செவிலியர்களுக்கும், கழுத்து கோணாமல் நேர்பக்கப் படம் கிடைக்கும்வரை சி-ஆர்ம் எனும் அறுவை அரங்க எக்ஸ்ரே கருவியைத் திருப்பியவர்களுக்கும் நன்றி.

இயன்முறை மருத்துவர்கள் பொத்தான் போடுவதையும் நடையையும் கேட்டு, தண்டுவடப் பாதிப்பை அளக்கும் 18 மதிப்பெண் கொண்ட திருத்திய ஜோவா (mJOA) அளவையை ஒரே விதமாக நிரப்பினார்கள். ஒருவர் 13-இலிருந்து 16-க்கு வந்தார் என்று சொல்ல முடிவது அதனால்தான்.

கடைசியாக, வலியே இல்லாதபோதும் கழுத்தைக் குனிந்தும் நிமிர்ந்தும் எக்ஸ்ரே எடுக்க வந்தவர்களுக்கு. மிகை எலும்பு சத்தமில்லாமல் வளரும். அந்த வளர்ச்சியை அளக்கும் 0 முதல் 4 வரையிலான தரத்தில் 4-ஐ எட்டி டிஸ்க் அசையாமல் போனவர்கள்கூட நலமாக இருக்கலாம். நலமாக இருப்பவர் வராவிட்டால் அது யாருக்கும் தெரியவராது. டிஸ்க்கின் பெயரும் உலோகமும் எழுதிய அட்டையைப் பத்திரமாக வைத்திருந்தீர்கள். அடுத்த ஸ்கேனுக்கும் அதைக் கையோடு கொண்டுவாருங்கள்.

மிக்க நன்றியுடன்,
படங்களைத் தொகுத்த குழுவினர்