ஸ்கேன் நார்மல், பையன் நார்மலாக இல்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பள்ளி விளையாட்டுப் போட்டிச் செய்திகளைத் தவறாமல் வெளியிடுகிறீர்கள். விளையாடும் பிள்ளைகளுக்குத் தலையில் அடிபட்டால் என்ன செய்வது என்பதற்கும் கொஞ்சம் இடம் ஒதுக்கக் கேட்டு எழுதுகிறேன்.

என் மகன் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். போன ஜூலையில் ஒரு ஞாயிறு மாலை, கொளத்தூரில் எங்கள் வீட்டுப் பக்கத்து மைதானத்தில் கிரிக்கெட். உயரமாகப் போன ஒரு கேட்சுக்கு இரண்டு பேர் ஓடியிருக்கிறார்கள். மற்றவன் தோள் இவன் நெற்றிப்பொட்டில் மோத, விழுந்த வேகத்தில் பின்மண்டை தரையில் இடித்திருக்கிறது. மயக்கம் வரவில்லை. எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு இன்னும் இரண்டு ஓவர் ஃபீல்டிங் செய்திருக்கிறான். அதற்கப்புறம்தான் "இப்போ யாருடா பேட்டிங்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டானாம். வேடிக்கைக்காகக் கேட்கிறான் என்று நினைத்துவிட்டார்கள் பிள்ளைகள்.

இரவு ஒருமுறை வாந்தி எடுத்தான். ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு ஓடினோம். சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, "ஸ்கேன் நார்மல், பயப்பட ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிட்டார்கள். எங்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "தூங்க விட்டுடாதே" என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதால், விடிய விடிய அரை மணிக்கொரு முறை அவனைத் தட்டி எழுப்பினேன். செவ்வாய்க்கிழமை பள்ளிக்கும் அனுப்பிவிட்டேன்.

அடுத்த மூன்று வாரம் எங்கள் வீட்டில் நிம்மதி இல்லை. குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவான். டியூப்லைட் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். இயற்பியல் புத்தகத்தில் ஒரே பக்கம் முக்கால் மணி நேரம் திறந்தே கிடக்கும். எதிர்த்துப் பேசாத பிள்ளை, தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். "ஸ்கேன்லதான் ஒண்ணும் இல்லையே, அப்புறம் என்ன?" என்றார் அவன் அப்பா. படிக்க மனமில்லாமல் சாக்குச் சொல்கிறாய் என்று நானே திட்டினேன். பள்ளியிலும் அதையேதான் சொன்னார்கள். அன்று அவன் பதில் சொல்லாமல் அழுததை நினைத்தால் இன்றும் என் வயிறு பிசைகிறது.

பிறகு ஒரு நரம்பியல் மருத்துவரிடம் காட்டினோம். இது கன்கஷன், அதாவது மூளை அதிர்வு என்றார். மண்டை உடைந்தாலோ ரத்தம் கசிந்தாலோ ஸ்கேனில் தெரியும். கன்கஷனில் மண்டைக்குள் நீரில் மிதக்கும் மூளை குலுங்கி, நரம்பணுக்கள் வேலை செய்யும் விதம்தான் கெடுகிறது. அதைச் சரிக்கட்ட மூளைக்குக் கூடுதல் சக்தி தேவைப்படும் நேரம் பார்த்து, அங்கே போகும் ரத்த ஓட்டமும் குறைகிறதாம். படமெடுத்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். மயக்கம் போட்டால்தான் கன்கஷன் என்பதும் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு மயக்கமே வருவதில்லை.

தூக்கத்தைக் கெடுத்ததும் தப்பு என்றார். மருத்துவர் பார்த்துவிட்ட பிறகு தூக்கம்தான் மருந்து. எழுப்பியும் எழவில்லை, தலைவலி ஏறிக்கொண்டே போகிறது, வாந்தி நிற்கவில்லை, வலிப்பு, பேச்சுக் குழறல், கைகால் பலவீனம், கண்பாவை ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருப்பது, மூக்கிலோ காதிலோ தண்ணீர் போல ஒழுகுவது, இதில் எது வந்தாலும் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கும் பெரியவர்கள் வீட்டில் வழுக்கி விழுந்தால் இன்னும் கவனம் தேவை. அவர்களுக்குப் பல நாள் கழித்துக்கூடக் கசிவு தெரியவரலாம்.

ஓய்வு என்றதும் ஜன்னலைச் சாத்தி இருட்டறையில் நாள்கணக்கில் படுக்கவைப்பதும் சரியில்லையாம். அடிபட்ட முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு, செல்போனைக் குறைப்பது. அப்புறம் மெதுவாக நடை, அரைநாள் பள்ளி, முழுநாள் பள்ளி, கடைசியாகத்தான் மைதானம். தொந்தரவு கூடினால் ஒரு படி இறங்கி, மறுநாள் பார்க்க வேண்டும். பிள்ளைகளில் பலருக்கு நான்கு வாரத்துக்குள் சரியாகிவிடும். என் மகனுக்கு ஏழு வாரம் ஆனது. ஒரு நாள் அவனே அடுப்படிக்கு வந்து குக்கரை இறக்கிவைத்தான். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

2020 டிசம்பரில் கான்பெராவில் நம் ஜடேஜாவின் ஹெல்மெட்டில் பந்து பட்டபோது, அவருக்குப் பதிலாகச் சஹல் இறங்கி மூன்று விக்கெட் எடுத்தது பலருக்கு நினைவிருக்கும். கன்கஷன் வந்தவருக்குப் பதிலாக இன்னொருவர் இறங்கி விளையாடலாம் என்ற அந்த விதி சர்வதேசப் போட்டிகளில் 2019-இலேயே வந்துவிட்டது. எங்கள் மைதானத்துப் பிள்ளைகளுக்கு, அடிபட்டவனை வெளியே உட்காரவைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஒருவரும் இல்லை. முதல் அடி ஆறுவதற்குள் இன்னொரு அடி விழுந்தால், அபூர்வமாக உயிருக்கே ஆபத்தாகலாம் என்று மருத்துவர் சொன்னபோது, அந்த இரண்டு ஓவரை நினைத்து எனக்குக் கை நடுங்கியது.

சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை நம் மாநிலத்தில் அரசே பார்த்துக்கொள்கிறது. மிக நல்ல திட்டம். கன்கஷன் வந்தவர்களுக்கோ பாதிக் கஷ்டம் அந்த 48 மணி நேரத்துக்குப் பிறகுதான். தலையில் அடிபட்டு வருபவர்களை வீட்டுக்கு அனுப்பும்போது, இனி வரும் வாரங்களில் என்னென்ன இருக்கும், எதற்குத் திரும்பி வர வேண்டும் என்று தமிழில் ஒரு பக்கத் தாள் கொடுத்தால் போதும். பள்ளிகளும் மருத்துவர் கடிதத்தை மதித்து, கொஞ்ச நாளுக்கு அரைநாள் வருகையையும் தேர்வுக்குக் கூடுதல் நேரத்தையும் அனுமதிக்க வேண்டும்.

அப்படி ஒரு தாளை, நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் எழுதி வாங்கி, உங்கள் பத்திரிகையிலேயே ஒரு பக்கமாக வெளியிடுங்கள். அதை வெட்டி எங்கள் மைதானத்துச் சுவரில் நானே ஒட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொளத்தூர், சென்னை