1963 என்று போட்டிருந்தால் போதாது

கிருஷ்ணகிரி

அன்பு மகள் கவிதாவுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். மாரிஸ் செண்டாக்கின் ‘வேர் தி வைல்டு திங்ஸ் ஆர்’ என்ற குழந்தைகள் படப் புத்தகத்தை முதல் பதிப்பு என்று சொல்லி அந்த லண்டன் கடைக்காரர் அவ்வளவு பெரிய விலை சொல்கிறார் என்றால், உள்ளே 1963 என்று இருப்பதை மட்டும் நம்பிப் பணத்தைக் கொடுத்துவிடாதே பாப்பா. அது காப்புரிமை வருஷம். எத்தனை தடவை மறு அச்சு போட்டாலும் அது அப்படியே நிற்கும்.

அட்டைமேல் தனியாகச் சுற்றியிருக்கும் காகித மேலுறையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அந்தப் புத்தகத்துக்குக் கால்டெகாட் பதக்கம் (அமெரிக்காவில் குழந்தைகள் படப் புத்தகத்துக்குத் தரும் பரிசு) கிடைத்ததே 1964இல்தான். ஆகவே மேலுறை மடிப்பில் பரிசைப் பற்றி ஒரு வரி அச்சாகியிருந்தாலும் அது முதலில் வந்த மேலுறை இல்லை. மடிப்பின் மூலையில் 3.50 டாலர் என்ற விலையும் இருக்க வேண்டும். நீ அனுப்பிய படத்தில் அந்த மூலையையே கத்தரித்திருக்கிறார்கள். பரிசாகக் கொடுப்பவர்கள் விலை தெரியக் கூடாதென்று வெட்டுவது அங்கே பழைய வழக்கம், அதை ஏமாற்று என்று சொல்ல முடியாது. ஆனாலும் போன துண்டோடு சாட்சியும் போய்விட்டது. டாக்டர் சூஸின் ‘தி கேட் இன் தி ஹேட்’ (1957) புத்தகத்திலும் இதே கதைதான். முதலில் வந்த மேலுறை மடிப்பில் விலைக்குறி 200/200 என்று இருக்கும், பின்னால் வந்தவற்றில் 195/195. அந்தச் சின்ன எண்ணை வைத்துத்தான் விலையே ஏறி இறங்குகிறது.

இன்னொன்று. நல்ல மேலுறையை வேறொரு மறு அச்சுப் பிரதிக்குப் போட்டு விற்பவர்களும் உண்டு. மேலுறை சரியாக இருந்தாலும் உள்ளே இருப்பதைத் தனியாகப் பார்.

எரிக் கார்லின் கம்பளிப்புழுப் புத்தகம் (‘தி வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்’) பற்றிக் கேட்டிருந்தாய். அது 1969இல் அமெரிக்காவில் வேர்ல்டு பப்ளிஷிங் கம்பெனி போட்டது. ஓட்டை போட்ட அந்தப் பக்கங்களை ஜப்பானில்தான் அச்சடித்தார்கள். நீ இருக்கும் ஊரில் ஹாமிஷ் ஹாமில்டன் பதிப்பகம் அதற்கு அப்புறம்தான் கொண்டுவந்தது. பிரிட்டிஷ் முதல் பதிப்பு என்று சொல்லி விற்றால் பொய்யில்லை, அமெரிக்க முதல் பதிப்பின் விலையைக் கேட்டால் மட்டும் கொடுக்காதே.

நம்ம ஊர்ப் புத்தகங்கள் இந்த விஷயத்தில் எவ்வளவோ நேர்மை. உன் பழைய நேரு பால புஸ்தகாலயம் வரிசையை நேற்று எடுத்துத் துடைத்தேன். நேஷனல் புக் டிரஸ்ட்காரர்கள் முதற்பதிப்பு வருஷம், பக்கத்திலேயே சக ஆண்டு (நம் தேசிய நாட்காட்டி வருஷம்), கீழே மறுபதிப்பு வருஷங்கள் என்று எல்லாவற்றையும் போட்டுவிடுகிறார்கள். ராயக்கோட்டை ரோட்டில் பழைய பேப்பர் கடையில் எடுத்த, சோவியத் காலத்து மாஸ்கோ புத்தகங்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. ராதுகா பதிப்பகம் தொடங்கியதே 1982இல். அந்தப் பெயர் இருந்தால் அதற்கு முந்திய அச்சாக இருக்க வழியில்லை. உன் படப் புத்தகங்களில், ராதுகாவுக்கு முன்பே மாஸ்கோவில் இருந்த முன்னேற்றப் பதிப்பகத்தின் பெயர் இருப்பவற்றைத் தனியாகக் கட்டி வைத்திருக்கிறேன். யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

சரி, அந்தக் கடைக்காரரிடம் இரண்டு மடிப்புகளையும் பதிப்புப் பக்கத்தையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல். நூலக முத்திரை இருக்கிறதா, ஒட்டுப் போட்டிருக்கிறதா என்றும் கேள். தயங்கினால் விட்டுவிடு, வேறு பிரதி வரும். பேரனுக்குப் படித்துக் காட்டப் புதுசாக ஒன்று வாங்கு. அவன் இஷ்டத்துக்குப் புரட்டட்டும்.

அன்புடன்,
அப்பா