ஊசி பிடிக்கப் படிப்பிக்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணத்தில் அக்குபங்சர், சீன மருத்துவம் என்று டிப்ளோமா வகுப்பு நடத்துகிற நிலையத்தார் எல்லோருக்கும்,

வணக்கம்.

போன மாதம் உங்களில் ஒருவருடைய அறிமுகக் கூட்டத்துக்கு என் தங்கையின் மகளோடு வந்திருந்தேன். எந்த நிலையம் என்று எழுதப் போவதில்லை. கிட்டத்தட்ட அதே நோட்டீஸும் அதே பேச்சும் இன்னும் இரண்டு இடத்தில் கிடைத்தன. ஆகவே ஒருவரை மட்டும் பிடித்து உலுப்புவது நியாயம் இல்லை. கடைசி வரிசையில் இருந்து கேள்விக்கு மேல் கேள்வி கேட்ட நரைத்த தலை நான்தான். “அம்மாவுக்கு நிறையச் சந்தேகம் போல” என்று சொல்லி நீங்கள் சிரித்தீர்கள். கூட்டமும் சிரித்தது. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சந்தேகங்கள் போகவில்லை.

நான் ஓய்வுபெற்ற தாதி. முப்பத்தொரு வருடம் அரச ஆஸ்பத்திரி வார்ட்டுகளில் நின்றவள். எத்தனை ஆயிரம் ஊசி போட்டிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. அக்குபங்சருக்கு எதிரியும் இல்லை. இரண்டு வருடம் நாரிப்பிடிப்போடு அவதிப்பட்டு, கொழும்பில் ஒரு டொக்டரிடம் போய் எட்டுத் தடவை ஊசி வைத்துக்கொண்டேன். அதன் பிறகு குனிந்து முற்றம் கூட்ட முடிந்தது. ஊசியால் வந்த சுகமா, ஒரு மனிதர் அரை மணி நேரம் பொறுமையாக என் கதையைக் கேட்டதால் வந்த சுகமா என்று எனக்குத் தெரியாது. சுகம் வந்தது, அவ்வளவுதான்.

பெறாமகள் உயர்தரத்தில் உயிரியல் படித்தவள். மருத்துவ பீடத்துக்கு வெட்டுப்புள்ளி எட்டவில்லை. “நோயாளிகளோடு வேலை செய்யவேண்டும் பெரியம்மா” என்கிறாள். உங்கள் நோட்டீஸை அவள்தான் கொண்டுவந்தாள். ஆறு மாதம், சனி ஞாயிறு, ஒரு இலட்சத்து எண்பதாயிரம் ரூபாய், “உலக சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற கற்கை” என்று அதில் இருந்தது.

அந்த அங்கீகாரத்தில் இருந்தே தொடங்குகிறேன். உலக சுகாதார நிறுவனம் எந்த அக்குபங்சர் பள்ளிக்கும் அங்கீகாரம் கொடுப்பதில்லை. அது அதன் வேலையே இல்லை. அக்குபங்சர் பயிற்சிக்கும் பாதுகாப்புக்கும் வழிகாட்டி ஒன்றை 1999இல் வெளியிட்டது. வைத்தியர் அல்லாத ஒருவர் முழு அக்குபங்சர் சிகிச்சையாளராக வருவதற்கு 2500 மணித்தியாலப் படிப்பு என்று அதில் இருக்கிறது. அதில் 1000 மணித்தியாலத்துக்குக் குறையாமல் செய்முறை. ஏற்கெனவே எம்பிபிஎஸ் முடித்த டொக்டர், வலி போன்ற ஒருசில தேவைக்கு மட்டும் ஊசி வைக்கப் பழகுவதென்றாலும் 200 மணித்தியாலமாவது வேண்டும்.

உங்கள் வகுப்பு சனிக்கிழமை மூன்று மணித்தியாலம், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணித்தியாலம். இருபத்தாறு கிழமை. ஒரு நாள்கூடத் தவறாமல், திருவிழாவுக்கும் லீவு விடாமல் நடந்தால் 156 மணித்தியாலம். “உடம்பில் ஊசி வைக்கிற 361 புள்ளிகளும் படிப்பிப்போம்” என்றீர்கள். இரவு இருந்து வகுத்துப் பார்த்தேன். வேறு ஒன்றுமே படிப்பிக்காவிட்டால்கூட ஒரு புள்ளிக்கு இருபத்தாறு நிமிடம் வருகிறது. அதற்குள்தான் உடற்கூறு, நாடி பார்ப்பது, நாக்குப் பார்ப்பது, கிருமி நீக்கம், சீன மூலிகை எல்லாம்.

குறுகிய வகுப்பு நடத்துவது குற்றம் என்று சொல்லவில்லை. முதலுதவிக்கு இரண்டு நாள் வகுப்பு நடக்கிறதுதானே. அந்த இரண்டு நாளில் படித்தவரை யாரும் டொக்டர் என்று கூப்பிடுவதில்லை. நீங்களோ உங்கள் நோட்டீஸில் பழைய மாணவர்களின் பெயருக்கு முன்னால் அதைப் போட்டிருக்கிறீர்கள்.

அன்றைக்கு நான் கேட்ட முதல் கேள்வி இதுதான்: யாருக்கு ஊசி வைத்துப் பழகுவார்கள்? ஒருவருக்கொருவர் வைத்துப் பார்ப்பார்கள், அதற்கு முன் தோடம்பழத்தில் பழகுவார்கள் என்று பதில் வந்தது. நாங்களும் தோடம்பழத்தில்தான் தொடங்கினோம் ஐயா. அங்கேயே முடிக்கவில்லை. பக்கத்தில் ஒரு சிஸ்டர் நின்று, கை நடுங்கினால் மணிக்கட்டைப் பிடித்து, பிழை விட்டால் நோயாளிக்கு முன்னாலேயே ஏசி, அப்படித்தான் எங்களுக்குக் கை பழகியது. உங்கள் மாணவருக்குப் பக்கத்தில் யார் நிற்பார்? ஒரு மாணவர் எத்தனை நோயாளியைத் தானே விசாரித்து, தானே ஊசி வைத்து, அடுத்த கிழமை அவரையே திரும்பவும் பார்ப்பார்? இதற்கு நீங்கள் சொன்னது “அதெல்லாம் போகப்போக வரும்”.

சீனாவில் இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. சொங் வம்சக் காலத்தில், 1027 அளவில், வாங் வெய்யி என்ற அரண்மனை வைத்தியர் ஆளளவில் வெண்கலச் சிலைகள் வார்ப்பித்தார். உடம்பெல்லாம் புள்ளிகளுக்குச் சிறுதுளை. பரீட்சைக்கு முன் உள்ளே திரவம் நிரப்பி, வெளியே மெழுகு பூசி, துளைகளை மறைத்துவிடுவார்களாம். மாணவன் சரியான இடத்தில் குத்தினால் திரவம் கசியும். பிழையான இடம் என்றால் ஊசி உள்ளே போகாது. ஆயிரம் வருடத்துக்கு முன்னமே, புள்ளியின் பெயரைப் பாடமாக்கியவனுக்குக் கை சரியாகப் போகும் என்று அவர்கள் நம்பவில்லை. உங்கள் இறுதிப் பரீட்சை ஐம்பது பல்தேர்வு வினா.

எங்கள் நாட்டிலேயே வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. கொழும்புக்குப் பக்கத்தில் களுபோவில ஆஸ்பத்திரியில் டொக்டர் அன்ரன் ஜயசூரிய அக்குபங்சர் கிளினிக் நடத்திய காலத்தில் வெளிநாட்டுக்காரர்கூட வந்து படித்தார்கள். அங்கே கொடுத்த பட்டங்களைப் பற்றி ஆயிரம் வாதம் செய்யலாம். ஆனால் படிப்பு நடந்தது நோயாளிகளுக்கு நடுவில்.

கை சரியாகப் போகாவிட்டால் என்ன நடக்கும்? கழுத்துக்கும் தோள்முனைக்கும் நடுவில் ஜியான்ஜிங் என்ற புள்ளி இருக்கிறது. தோள் இறுக்கம் என்று வருகிறவர்களுக்கு அடிக்கடி வைப்பது. அதற்கு நேர் கீழே நுரையீரலின் உச்சி. மெலிந்த பிள்ளைக்கு ஊசியைக் கொஞ்சம் ஆழமாக நேரே இறக்கினால் நுரையீரல் ஓட்டையாகி, நெஞ்சுக்குள் காற்று இறங்கி, மூச்சு முட்டும். சிலருக்கு உடனே தெரியாது. வீட்டுக்குப் போன பிறகுதான் தொடங்கும். அந்த இரவு நோயாளி உங்கள் மாணவருக்குத் தொலைபேசி எடுத்தால், “வாயுவாக இருக்கும், சுடுதண்ணீர் குடியுங்கள்” என்று சொல்லாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொல்லத் தெரிய வேண்டும். ஊசி பாவித்தபின் எந்தப் பெட்டியில் போடுவது, அந்தப் பெட்டி எங்கே போகும், கர்ப்பிணி வந்தால் எந்தப் புள்ளிகளைத் தொடக்கூடாது, இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவருக்கு ஊசி வழியாக மின்சாரம் கொடுக்கலாமா என்பவற்றுக்கும் நேரம் வேண்டும்.

இனி என்னைக் கோபப்படுத்திய இடம். உங்கள் வளவாளர் ஒருவர், சென்னையில் படித்து வந்தவராம், ஊசியே வேண்டாம், ஒரு புள்ளியை விரலால் தொட்டால் போதும் என்றார். சரி, தொடட்டும். விரல் நுரையீரலைக் குத்தாது. அப்புறம் அவர், சீனி வருத்தக்காரர் இன்சுலினை நிறுத்தலாம், உடம்பு தன்னைத்தானே சுத்தம் செய்யும் என்றார். முதல் வகை நீரிழிவுள்ள பிள்ளைக்கு இன்சுலினை நிறுத்தினால் சில நாளிலேயே இரத்தம் அமிலமாகி, மூச்சு வாங்கி, நினைவு தப்பும். அப்படி வந்த பிள்ளைகளின் கட்டிலுக்குப் பக்கத்தில் விடிய விடிய நின்றவள் நான். அந்த வளவாளரை மேடையில் ஏற்றிக்கொண்டிருக்கும்வரை உங்கள் மற்ற நல்ல ஆசிரியர்களையும் நான் நம்பமாட்டேன்.

நல்ல பள்ளியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பெறாமகள் கேட்டாள். அவளுக்கு நான் ஒரு வழி சொன்னேன். ஜெர்மனியில் 1162 நாரிவலிக்காரரை வைத்துச் செய்த ஆய்வொன்று 2007இல் வெளிவந்தது. ஆறு மாதத்தில் சரியான புள்ளியில் ஊசி வைத்தவர்களில் 47.6 வீதமானவர்களுக்குக் குணம் தெரிந்தது. புள்ளி இல்லாத இடத்தில் மேலோட்டமாக வைத்தவர்களில் 44.2 வீதம். வழமையான சிகிச்சை பெற்றவர்களில் 27.4 வீதம்தான். ஊசி உதவுகிறது, ஆனால் எங்கே குத்தினாலும் ஏறக்குறைய அதே உதவி! இதை வகுப்பில் படிப்பிக்கிறீர்களா என்று கேள், அப்போது வருகிற முகத்தைப் பார் என்றேன். இந்த எண்களை மறைக்காமல் உட்கார்ந்து வாதாடுகிற ஆசிரியர் கிடைத்தால் அவரிடம் படிக்கலாம். முதல் எண்ணை மட்டும் சொல்லி அடுத்ததை விழுங்குகிறவரிடம் வேண்டாம். என் நாரியும் இந்தக் கணக்கில் எங்கேயோதான் இருக்கிறது.

மூலிகைப் பகுதிக்கு இரண்டு சனிக்கிழமை ஒதுக்கியிருக்கிறீர்கள். பெல்ஜியத்தில் 1990களின் தொடக்கத்தில் மெலிவதற்கென்று ஒரு கிளினிக்கில் சீன மூலிகைக் குளிசை கொடுத்தார்கள். ஃபாங்ஜி என்ற பெயரில் இரண்டு வேறு செடிகள் உண்டு. ஒன்றுக்குப் பதில் மற்றது கலந்துவிட்டது. நூற்றுக்கு மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் பழுதாகியது. பலருக்குப் பிறகு புற்றுநோயும் வந்தது. அந்த நஞ்சுச் செடி எங்களூர் ஆடுதீண்டாப்பாளையின் இனம். ஆடே தீண்டாது என்று பெயர் வைத்த எங்கள் பரியாரிமார் செடியைக் கண்ணால் கண்டு, கிள்ளி, மணந்து படித்தவர்கள். உங்கள் மாணவர் படிக்கப்போவது திரையில் ஓடும் படத்தைப் பார்த்து.

அடுத்தது சான்றிதழ். என்ன பதிவு இருக்கிறது என்று கேட்டதற்குக் கம்பனிப் பதிவுப் பத்திரத்தைக் காட்டினீர்கள். பெட்டிக்கடை தொடங்குகிறவரும் அந்தப் பதிவை எடுக்கலாம். மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிறுவனம் பதிவாகியிருக்கிறதா, அது போக இந்தக் கற்கைக்கே தரச்சான்று இருக்கிறதா என்பவைதான் கேள்வி. அவை இரண்டும் வேறு வேறு. இருந்தாலும்கூட, அதை வைத்து நோயாளிக்கு ஊசி வைக்கலாமா என்பது மூன்றாவது.

ஒப்பிட்டுப் பார்க்க அதிக தூரம் போகத் தேவையில்லை. கைதடியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவப் படிப்பு இருக்கிறது. ஐந்து வருடம், அதற்குமேல் ஒரு வருடம் ஆஸ்பத்திரியில் உள்ளகப் பயிற்சி, பிறகு 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் பதிவு. சீனாவுக்கே போவதென்றாலும் பெய்ஜிங், ஷாங்காய், குவாங்சோ, செங்டு என்ற நான்கு ஊர்களிலும் 1956இல் தொடங்கிய சீன மருத்துவப் பல்கலைக்கழகங்களில் அடிப்படைப் பட்டம் ஐந்து வருடம். பெரும்பாலும் சீன மொழியில், அதனால் மொழிப் பரீட்சையும் பாஸ் பண்ணவேண்டும். உங்கள் ஆறு மாதத்தை இவற்றோடு ஒரே பந்தியில் எழுதவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ரொறன்ரோவில் இருக்கிற என் தம்பி வேறு, “பிள்ளை அதைப் படிச்சிட்டு இஞ்ச வந்தா கிளினிக் போடலாம்” என்று ஆசை காட்டுகிறான். உங்கள் நோட்டீஸிலும் வெளிநாட்டு வாய்ப்பு என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அவன் இருக்கிற ஒன்ராறியோவில் 2013இல் இருந்து இது சட்டத்துக்கு உட்பட்ட தொழில். அங்குள்ள ஒழுங்குமுறை அமைப்பில் பதியாமல் அந்தத் தொழிற்பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. (அந்த அமைப்புக்குக் கல்லூரி என்று பெயர், ஆனால் அங்கே படிப்பிப்பதில்லை. தம்பி அதையே பள்ளிக்கூடம் என்று நினைத்திருந்தான்.) அவுஸ்திரேலியாவில் 2012இல் இருந்து நாடு முழுவதற்கும் ஒரே பதிவு. பிரான்சில் டொக்டர், மருத்துவிச்சி போன்றவர்கள்தான் ஊசி வைக்கலாம். வெளிநாட்டு வாய்ப்பு என்று அச்சடிக்கிறவர் எந்த நாடு, எந்த அமைப்பு, உங்கள் மாணவர் யாராவது அங்கே பதிவாகியிருக்கிறாரா என்று அதே கொட்டை எழுத்தில் போடலாமே.

நான் கேட்பது ஒரே ஒரு தாள். காசு வாங்க முன் கையில் தரவேண்டும், உங்கள் கையெழுத்தோடு. மொத்தம் எத்தனை மணித்தியாலம், அதில் நோயாளிகளோடு எத்தனை, மேற்பார்வை செய்கிறவர் எங்கே படித்தவர், எங்கே பதிந்தவர், இந்தச் சான்றிதழால் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது, இடையில் விலகினால் காசில் எவ்வளவு திரும்பும். ஒரு பக்கம் போதும். இதை எழுதிக் கொடுக்கிற நிலையம் ஒன்று இருந்தால், ஆறு மாத வகுப்பாக இருந்தாலும், பெறாமகளைத் தொடக்க அறிவுக்காக அனுப்ப எனக்குத் தடை இல்லை. அதற்குப் பிறகு கைதடிக்கோ வேறெங்கோ அவள் போகட்டும்.

கட்டணத்துக்காகத் தங்கை தன் சங்கிலியை அடகு வைக்க எடுத்து வைத்திருக்கிறாள். அனுமதிக்குக் கடைசித் திகதி இந்த வெள்ளிக்கிழமை என்று நேற்றும் உங்கள் அலுவலகத்தில் இருந்து தொலைபேசி வந்தது. அந்தத் தாள் எப்போது வரும் என்று கேட்டேன். கேட்டுச் சொல்வதாகச் சொன்னார் அந்தப் பிள்ளை. வியாழக்கிழமை பின்னேரம் வரை பார்ப்போம். சங்கிலி இப்போதைக்கு என் அலுமாரியில் இருக்கிறது.

இப்படிக்கு,
கடைசி வரிசையில் இருந்த அம்மா