டூமின் பாசம் பொய்யில்லை, பிள்ளை

யாழ்ப்பாணம்

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் சுகம். அம்மாவின் முழங்கால் நோவு இப்போது பரவாயில்லை.

"இவள் அந்த இரும்பு முகமூடிக்காரனைப் பாசக்காரன் என்கிறாள், புத்தகங்களைப் பறித்து வைக்கட்டோ அப்பா?" என்று கேட்டிருந்தாய். வேண்டாம் பிள்ளை. பேத்தி இங்கே விட்டுப்போன காமிக்ஸ்களை அகராதியும் கையுமாக இருந்து வாசித்தேன். விளங்காததை அவளிடமே போனில் கேட்டேன். அந்த முகமூடிக்காரன் டாக்டர் டூம் கொடியவன். ஆனால் தன் எதிரியின் மகள் வலேரியா மேல் அவன் வைத்த பாசம் நடிப்பில்லை. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் அவளுக்குச் சொல்லவேண்டும்.

1962இல் ஸ்டான் லீயும் ஜாக் கேர்பியும் படைத்த ஆள் அவன். லட்வேரியா என்ற கற்பனை நாட்டின் சர்வாதிகாரி. அந்தக் காமிக்ஸின் நாயகனான விஞ்ஞானி ரீட் ரிச்சர்ட்ஸை அவனுக்குக் கண்ணில் காட்டக்கூடாது. 2002இல் வந்த கதையில் அந்த ரீட்டின் மனைவி சூவுக்குப் பிரசவம் சிக்கலாகிறது. சூவின் தம்பி ஜானி டூமிடம்தான் உதவி கேட்கிறான். தாயையும் பிள்ளையையும் காப்பாற்றிவிட்டு டூம் கேட்கும் கூலி, பிள்ளைக்குப் பெயர் வைக்கும் உரிமை. தான் இளமையில் விரும்பிய பெண்ணின் பெயரான வலேரியாவையே வைக்கிறான். 31ஆம் நாள் உறவெல்லாம் கூடிப் பெயர் வைக்கிற எங்களுக்கு அது எவ்வளவு பெரிய கூலி என்று விளங்கும்.

அடுத்த வருடமே அந்தக் காதலியை மந்திர சக்திக்காகப் பலி கொடுக்கிறான். கைக்குழந்தை வலேரியாவைத் தன் மந்திரத்துக்குக் கருவியாக்குகிறான். அவளுடைய அண்ணன் பிராங்க்ளினை நரகத்துக்கு அனுப்புகிறான். அந்தப் பக்கங்களை வாசிக்க எனக்கு நெஞ்சு பதறியது.

பிறகு அவள் வளர்கிறாள். பால்பல் விழமுதலே தகப்பனை மிஞ்சிய மூளை. அவனை 'அங்கிள் டூம்' என்று கூப்பிடுகிறாள். அவனுடைய மூளை சேதமாகி அறிவு மங்கிய காலத்தில், அதைச் சரிப்படுத்தித் தருகிறேன், பதிலுக்கு நீங்கள் எங்களுக்கு உதவவேண்டும் என்று நேரே பேரம் பேசுகிறாள். தன் முன்னால் ஒருவரையும் நிமிர விடாதவன், அந்தச் சின்னப் பிள்ளையின் பேச்சுக்குக் காது கொடுக்கிறான். எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான். 2015 கதையில் உலகத்துக்கே கடவுளாகிவிட்ட பிறகும் அவளைத் தன் மகளாக்கி, அறிவியல் சபைக்குத் தலைவியாக வைக்கிறான். பாசம்தான். ஆனால் பெற்ற தகப்பனின் இடத்தைத் திருடிய பாசம்.

கோயிலில் கந்தபுராணம் படித்துப் பயன் சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நீ. தொட்டிலில் கிடந்த வயதில் சூரியனையே பிடித்துக் கட்டிவைத்த பானுகோபனைப் பெற்றவன் சூரபன்மன். அந்தப் பிள்ளை போரில் விழுந்தபோது சூரன் கதறியதைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை. அதற்காகத் தேவர்களைச் சிறை விட்டானா? இல்லை. முருகனோடு போர் வேண்டாம் என்று புத்தி சொன்ன இன்னொரு மகன் இரணியனிடம் சீறி விழுந்தவனும் அவனேதான்.

இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்றால், உன் மகள் கெட்டிக்காரி. நாளைக்கு அவளுடைய மூளையை மெச்சிக்கொண்டு பெரிய ஆட்கள் வருவார்கள். சிலருடைய மெச்சல் உண்மையாகவே இருக்கும், அவர்கள் செய்வது அநியாயமாகவும் இருக்கும். கெட்டவன் காட்டும் பாசமெல்லாம் வேஷம் என்று சொல்லி வளர்த்தால், உண்மையான பாசத்தைக் கண்டதும் ஆளையும் நல்லவன் என்று நம்பிவிடுவாள். அதுதான் எனக்குப் பயம். இன்னொன்றும் சொல்கிறேன், கோபிக்காதே. "டூம் அவளோடு பெரிய ஆளோடு கதைக்கிற மாதிரிக் கதைப்பான், அம்மப்பா" என்று அவள் என்னிடம் சொன்னாள். வேலை முடிந்து களைத்து வந்தாலும் அவளுடைய கணக்குக் கதையைக் கொஞ்சம் இருந்து கேள். மருமகனையும் கேட்கச் சொல்லு.

அந்த 2003 கதையை அவள் இன்னும் வாசிக்கவில்லை என்று நினைக்கிறேன். நீ பக்கத்தில் இருந்து வாசிக்கக் கொடு. முடிந்ததும், இவ்வளவும் செய்தவனை வலேரியா பிறகும் ஏன் அங்கிள் என்று கூப்பிடுகிறாள் என்று கேள். அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா