அப்பாவின் கை

அன்புள்ள பாஸ்கர்,

நலம்தானே? வீட்டில் எல்லோரும் சௌக்கியம் என்று கோமதி சொன்னாள். முத்து சித்தப்பா வழக்கம்போல யாரோடோ சண்டை, அதை நேரில் சொல்கிறேன்.

"ஒரு ஆளைப் போட்டு ஊட்டிவிடச் சொல்லுடா, எதற்கு அப்பாவைப் படுத்துகிறாய்" என்று போனில் கேட்டாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். அக்கறையில்தான் கேட்டாய், தெரியும். ஆனாலும் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

அப்பாவுக்கு ரத்தக்குழாய் அடைப்பு வந்தது சிறுமூளையில். கையில் பலம் குறையவே இல்லை. டாக்டர் தன் விரலை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். விடுங்கள் ஐயா என்று அவரே சொல்லும்படி பிடித்தார் அப்பா. கை மடியில் கிடக்கும்போது துளி நடுக்கம் கிடையாது. டம்ளரை எடுக்க நீட்டினால்தான் வினை. நெருங்க நெருங்க ஆட்டம் கூடும். கை டம்ளரைத் தாண்டிப் போகும், திரும்பும், இந்தப் பக்கமும் தாண்டும். நாற்பது வருஷம் காஜா எடுத்த கை, பாஸ்கர். இன்றைக்கும் உன் கல்யாணச் சட்டையின் காலரைச் சொல்லிச் சிரிக்கிறார், அதில் மட்டும் குறையில்லை.

பலம் இருந்தும் ஏன் இப்படி என்று தேடித் தேடிப் படித்தேன். நாம் கை நீட்டும்போது, கை எங்கே இருக்கிறது என்று கண்ணும் தசையும் மூட்டும் மூளைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. நினைத்த இடத்துக்கும் இருக்கும் இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து மூளை திருத்தம் சொல்கிறது. ஆனால் கண் பார்த்துக் கை திருந்தப் பத்தில் ஒரு நொடிக்கு மேல் ஆகிவிடும். அதற்குள் கை வேறிடம் போயிருக்கும். அதனால் சிறுமூளை செய்தி வரும்வரை காத்திருப்பதில்லை. இந்தக் கட்டளைக்குக் கை எங்கே போய் நிற்கும் என்று முன்கூட்டியே கணித்துவிடுகிறது. அந்தக் கணிப்பு கெட்டால் பழைய செய்திக்குத்தான் திருத்தம் போகும். நீ சிங்கப்பூரிலிருந்து பேசும்போது குரல் தாமதமாக வந்தால் என்ன ஆகும்? இருவரும் சேர்ந்து பேச ஆரம்பிப்போம், சேர்ந்து நிறுத்துவோம், மறுபடி சேர்ந்தே ஆரம்பிப்போம். அப்பாவின் கை படும் பாடு அதுதான்.

இரண்டாம் உலகப் போரின்போது கணித அறிஞர் நார்பர்ட் வீனரும் பொறியாளர் ஜூலியன் பிகலோவும் விமான எதிர்ப்புப் பீரங்கியின் குறியைத் தானாகத் திருத்தும் வழியை ஆராய்ந்தார்கள். திருத்தம் அளவு மீறினால் அப்படிப்பட்ட இயந்திரம் இரு பக்கமும் ஊசலாடும். மனித நரம்பில் இப்படி ஒரு நோய் உண்டா என்று உடலியல் அறிஞர் ஆர்தூரோ ரோசன்புளூத்தைக் கேட்டார்கள். உண்டு, சிறுமூளை கெட்டவர்களுக்கு வருவது அதுதான் என்று அவர் உடனே சொன்னார். மூவரும் சேர்ந்து 1943-இல் கட்டுரை எழுதினார்கள். அப்பாவின் கையைப் பற்றி எனக்கு முதலில் புரியவைத்தது அந்தப் பீரங்கிதான்.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தவர் இயன் வாட்டர்மன் என்ற பிரிட்டிஷ்காரர். 1971-இல், 19 வயதில், ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அவருக்குக் கழுத்துக்குக் கீழே தொடு உணர்வும் கைகால் எங்கே இருக்கிறது என்ற உணர்வும் மொத்தமாகப் போய்விட்டன. தசைகளுக்குக் கட்டளை போகிறது, திரும்பிவரும் செய்திதான் இல்லை. எழுந்து உட்காரக்கூட முடியாமல் கிடந்தவர், ஒவ்வோர் அசைவையும் கண்ணால் பார்த்து, யோசித்து, நடக்கவே கற்றுக்கொண்டார். விளக்கு அணைந்தால் விழுந்துவிடுவார். அப்படியும் விடவில்லை! அப்பாவுக்குச் செய்தி வருகிறது, பலம் இருக்கிறது, கணிப்பு மட்டும்தான் கெட்டிருக்கிறது. அவரைப் போய் ஒன்றும் செய்ய வேண்டாம் என்று உட்காரவைக்கச் சொல்கிறாயே.

பழக்கினால்தான் மூளை தன் தப்பைப் பார்த்துக் கணிப்பைச் சரிசெய்யும். ஊட்டிவிட்டால் திருத்த அதற்குத் தப்பே கிடைக்காது. அதனால்தான் பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி முழங்கையை மேசையில் ஊன்றி, மெதுவாக நீட்டச் சொல்கிறோம். மெதுவாகப் போனால் கண்ணின் திருத்தம் கையைப் பிடித்துவிடுகிறது. காபி சிந்துகிறது, சில நாள் அப்பா டம்ளரைத் தள்ளிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துவிடுவார். அந்த நேரத்தில் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இருந்தாலும் போன வாரம் சட்டையின் மேல் பட்டனைத் தானே போட்டுக்கொண்டார்.

முழுக்கச் சரியாகும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. நீ ஒரு காரியம் செய். உன் மைத்துனி பிசியோதெரபிதானே பார்க்கிறாள்? மணிக்கட்டில் சின்ன எடை கட்டிப் பழக்கினால் சிலருக்கு ஆட்டம் குறையும் என்று படித்தேன். அப்பா வயதுக்கு அது ஒத்துவருமா, எவ்வளவு எடை என்று அவளிடம் கேட்டு உடனே எழுது. போனில் சொல்லாதே, எழுதியே அனுப்பு. டாக்டரிடம் காட்ட வேண்டும்.

அன்புடன்,
கணேசன்