கொடைக்கானல் மலையில் பார்வைத்தூரத்தை அளக்கவும் காக்கவும் கோரும் மனு

அனுப்புநர்:
கொடைக்கானல் வட்டப் பொதுமக்கள்

பெறுநர்:
உறுப்பினர் செயலர் அவர்கள்,
தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம்,
கிண்டி, சென்னை – 600 032

பொருள்: மலைப்பகுதிகளில் பார்வைத்தூர அளவீடு தொடங்கவும், அதற்கென உமிழ்வு வரம்பு வகுக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். 18.11.2009 அன்று அறிவிக்கப்பட்ட தேசியக் காற்றுத் தர அளவுகளில், சூழல் பாதிப்புக்கு எளிதில் உள்ளாகும் பகுதிகளுக்கென்று தனிப் பத்தி இருக்கிறது. அதன்படி ஆண்டுச் சராசரியில், ஒரு கன மீட்டர் காற்றில் கந்தக டை ஆக்சைடு 50 மைக்ரோகிராமுக்குப் பதில் 20, நைட்ரஜன் டை ஆக்சைடு 40க்குப் பதில் 30. ஆனால் பிஎம் 2.5 நுண்துகளுக்குத் தொழிற்பேட்டைக்கும் காட்டுக்கும் ஒரே 40 மைக்ரோகிராம்தான். மலையின் காட்சியை மறைப்பதோ இந்த நுண்துகள்தான்.

கணக்கு எளிது. ஒரு மைக்ரோகிராம் நுண்துகள், காற்று உலர்ந்திருக்கும்போதே, மெகாமீட்டருக்கு (ஆயிரம் கி.மீ.) ஏறத்தாழ 3 என்ற அளவில் ஒளியை மங்கச் செய்கிறது. 40 மைக்ரோகிராமுக்கு 120. தூய காற்றின் 10ஐச் சேர்த்தால் 130. சுமார் 3,900ஐ இந்த எண்ணால் வகுத்தால் பார்வைத்தூரம் கிடைக்கும்; அது சுமார் 30 கி.மீ. ஆகிவிடுகிறது. கொடைக்கானலின் காட்சி நடைபாதையான கோக்கர்ஸ் வாக்கிலிருந்து பெரியகுளம் நேர்கோட்டில் ஏறக்குறைய 15 கி.மீ.; மதுரை 75 கி.மீ.க்கும் மேல். சட்டத்தை ஒரு புள்ளிகூட மீறாத காற்றிலேயே மதுரை மறைந்துவிடும். ஈரப்பதம் ஏறினால் நுண்துகளில் உள்ள சல்பேட் நீரை உறிஞ்சிப் பருக்கும். மறைப்பு பல மடங்காகும். அதைப் பனிமூட்டம் என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு.

சல்பேட் மலையில் பிறப்பதில்லை. அனல் மின் நிலையப் புகைபோக்கியில் வெளியேறும் கந்தக டை ஆக்சைடு, காற்றில் மிதக்கும் நாட்களில் சல்பேட்டாக மாறி நூற்றுக்கணக்கான கி.மீ. பயணிக்கிறது. 2025 ஜூலையில் வந்த மத்திய அறிவிக்கையோ, பெருநகரங்களிலிருந்து 10 கி.மீ. என்ற கணக்கை வைத்து, தொலைவிலுள்ள பெரும்பாலான நிலையங்களைக் கந்தக டை ஆக்சைடு வரம்பிலிருந்து விடுவித்திருக்கிறது. புகைபோக்கி உயரம் சரியாக இருந்தால் போதுமாம். உயரம் கூடினால் அருகில் இருப்பவருக்கு நிம்மதி, தொலைவில் இருக்கும் மலைக்குக் கேடு.

அமெரிக்கா இதை வேறு விதமாக அணுகியது. 1977இல் சட்டம் திருத்தி, 156 தேசியப் பூங்கா, வனப்பகுதிகளில் மனிதர் உண்டாக்கும் மங்கலை நீக்குவதை இலக்காக வைத்தது. 1999 விதி 2064ஐ இலக்கு ஆண்டாகக் கொண்டது. மிக மங்கலான 20 விழுக்காட்டு நாட்கள் மேம்பட வேண்டும், மிகத் தெளிவான 20 விழுக்காட்டு நாட்கள் மோசமாகக் கூடாது என்பது அதன் அடிப்படை. மங்கலுக்குப் பக்கத்து மாநிலம் காரணமென்றால் அதனோடு கலந்து திட்டமிட வேண்டும். காட்டுத்தீ, தூசி நாட்கள் இலக்கைக் குழப்பாதபடி 2017இல் கணக்கிடும் முறையும் திருத்தப்பட்டது.

ஆகவே, முதலில் கொடைக்கானலில் ஓர் அளவீட்டு நிலையம் அமைக்கக் கோருகிறோம். பேருந்து நிலையம் அருகே வேண்டாம். அங்கே டீசல் புகைதான் பதிவாகும். மூன்று நாளுக்கு ஒருமுறை 24 மணி நேர மாதிரி எடுக்கலாம். டெஃப்லான் வடிகட்டி மட்டும் வைத்தால் வெயிலில் அமோனியம் நைட்ரேட் ஆவியாகிக் கணக்கு குறையும். நைலான் வடிகட்டியும், கரிமத்துக்குக் குவார்ட்ஸ் வடிகட்டியும் சேர்ந்தே வேண்டும். உடன் துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதை அளக்கும் நெஃபலோமீட்டர் ஒன்று, தூரம் தெரிந்த குன்றுகளை மணிக்கொருமுறை படமெடுக்கும் கேமரா. ஈரப்பதம் 95 விழுக்காட்டைத் தாண்டிய மணிநேரங்களையும், பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான காட்டுத்தீ நாட்களையும் தனியே குறிக்காவிட்டால் இயற்கைப் பனியும் தீயும் ஆலைப் புகையாகிவிடும், அல்லது ஆலைப் புகை பனியாகிவிடும். இரண்டாவதுதான் எங்கள் கவலை.

முடிவுகளை மாதந்தோறும் இணையத்தில் வெளியிட வேண்டுகிறோம். ஐந்து ஆண்டுத் தரவு சேரும்வரை காத்திராமல், 1981 காற்றுச் சட்டம் பிரிவு 17(1)(ஜி)-யின்படி, மத்திய வாரியத்தைக் கலந்து, மலைக்குச் சல்பேட் அனுப்பும் ஆலைகளுக்கு உமிழ்வு வரம்பு வகுக்கும் பணியையும் தொடங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கொடைக்கானல் வட்டப் பொதுமக்கள்
(கையொப்பங்கள் இணைப்பில்)