அப்பா கல்லுக்கு நீ சொன்ன வசனம்

அண்ணனுக்கு,

போன வாரம் அப்பாவின் கல்லறைக் கல் விஷயமாகக் கூப்பிட்டாய். "பரிகரிக்கப்படும் கடைசிச் சத்துரு மரணம்" என்று வெட்டச் சொல்லட்டுமா என்று கேட்டாய். நான் சிரித்துவிட்டேன். அப்பா போய் ஒரு வருஷம் முழுசாக ஆகவில்லை, உனக்குச் சிரிப்பு வருதா என்று கத்திவிட்டு வைத்துவிட்டாய். காரணத்தை அப்போதே சொல்லியிருந்தால் சண்டைதான் வந்திருக்கும். அதனால் எழுதுகிறேன்.

2007 ஆகஸ்ட். வெந்நீர் அடுப்பு. அதற்கு மேல் உனக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை.

உனக்குத் தெரியாதது அதற்கு முந்தின ராத்திரி. ஹாரி பாட்டர் ஏழாவது புத்தகத்தில் ஒரு கிறிஸ்துமஸ் இரவு வரும். பனி மூடிய கிராமம், கோயிலுக்குள் பாட்டுச் சத்தம். வெளியே கல்லறைத் தோட்டத்தில் ஹாரி தன் அப்பா அம்மாவின் கல்லைத் தேடிக்கொண்டிருப்பான். கண்டுபிடித்ததும் அதிலிருக்கும் வரியை வாசித்துப் பயந்துவிடுவான், எதிரிகள் பேசுகிற பேச்சு மாதிரி இருக்கிறதே என்று. கூட வந்த தோழி ஹெர்மயனிதான், அப்படியில்லை, சாவுக்கு அப்பாலும் வாழ்வதைச் சொல்கிறது என்பாள். எனக்கு எங்கேயோ கேட்ட வரியாகப் பட்டது. அடக்க ஆராதனையில் வாசிக்கிற அதிகாரமாச்சே என்று அம்மா தலைமாட்டிலிருந்த பைபிளை எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். 1 கொரிந்தியர் 15:26. நீ போனில் சொன்னாயே, அதேதான். அதே தோட்டத்தில் இன்னொரு கல்லில் மத்தேயு 6:21, பொக்கிஷமும் இருதயமும் வருகிற வசனம்.

விடிந்ததும் உன்னிடம் காட்ட வேண்டும் என்று பென்சிலைப் பக்கத்துக்குள் வைத்து மூடிவிட்டுப் படுத்தேன். நீ அதிகாலை ஜெபத்துக்கு எழுந்தாய். நான் எழுந்தபோது சிரட்டைகளுக்கு நடுவில் புத்தகத்தின் அட்டை சுருண்டுகொண்டிருந்தது. அந்த வெந்நீரில் குளித்துவிட்டுத்தான் சபைக்குப் போனாய்.

உன் பைபிளுக்குள் ஒரு தாளை மடித்து வைத்திருப்பாய், பிரௌசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்தது. இந்தக் கதைகளைப் படித்து அமெரிக்கப் பிள்ளைகள் சாத்தானைக் கும்பிடப் போய்விட்டார்கள் என்று இருக்கும். அது 'தி ஆனியன்' என்கிற கேலிப் பத்திரிகை 2000இல் சிரிப்புக்காக எழுதியது. அதை நிஜமென்று நம்பி அமெரிக்க விசுவாசிகள் மின்னஞ்சலில் சுற்றவிட்டு, அது வடசேரி வரை வந்து சேர்ந்தது. 2001 டிசம்பரில் நியூ மெக்சிகோவின் அலமகோர்டோவில் ஒரு சபை இந்தப் புத்தகங்களைக் குவித்து எரித்தது. 2000 முதல் 2009 வரை அமெரிக்க நூலகங்களிலும் பள்ளிகளிலும் மிக அதிகமாக எதிர்ப்பு வந்தது இந்தத் தொடருக்குத்தான். நீ தனி ஆள் இல்லை என்று சொல்ல வருகிறேன். ஆறுதலாகச் சொல்கிறேனா குத்திக் காட்டுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. எழுதிய ரௌலிங் ஸ்காட்லாந்து திருச்சபையைச் சேர்ந்தவர். அந்த இரண்டு வசனங்களும் கிட்டத்தட்ட மொத்தக் கதையையும் சொல்லிவிடுகின்றன என்று அவரே சொன்னது 2007 அக்டோபரில். அதற்குள் அம்மா அடுப்புச் சாம்பலை வாழை மூட்டில் கொட்டி இரண்டு மாசம் ஆகியிருந்தது.

ஆனால் நார்னியாவை விசிடியில் பார்த்தபோது அழுததும் நீதான். துரோகம் செய்த பையனுக்குப் பதிலாக அந்தச் சிங்கம் கல்மேசைக்கு நடந்து போகும். பிடரியை அவர்கள் சிரைக்கும்போது நீ துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, "யூதா கோத்திரத்துச் சிங்கம்" என்று என் காதில் சொன்னாய். அந்த அண்ணனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதிலும் சூனியக்காரி உண்டு, மந்திரக்கோலும் உண்டே என்று கேட்டதற்கு, அதை எழுதிய லூயிஸ் விசுவாசி என்றாய். சரி. அதனாலேயே அந்தக் கதை ஆகாது என்றவர்களும் உண்டு. 2005இல் ஃபுளோரிடா ஆளுநர் ஜெப் புஷ் அதைப் பள்ளிப் பிள்ளைகளின் வாசிப்புப் போட்டிக்கு எடுத்தார். அரசும் மதமும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்கிற அமைப்பு ஒன்று, மதக் கதையை அரசாங்கம் பரப்புகிறது என்று எதிர்த்தது. அந்த ஆட்களோடுதான் நான் பிற்பாடு சேர்ந்துகொண்டேன் என்று நீ நினைக்கிறாய்.

அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அடுப்புக் கதையைச் சில வருஷம் முன்னால் இதே இடத்தில் சிரிப்பாக எழுதினேன். உன் பெயர் போடவில்லை, ஆனாலும் நம் தெருவுக்கே தெரிந்தது. அதை எடுத்துப் போய் யார் யார் எதற்குப் பயன்படுத்தினார்கள், நம் ஜனங்களைப் பற்றி அதன் கீழே என்னென்ன எழுதினார்கள் என்று இங்கே சொல்லப் போவதில்லை. அவர்களும் இதை வாசிப்பார்கள், உன் சபையாரும் வாசிப்பார்கள். தேர்தல் நேரம் அது, அவ்வளவுதான்.

மன்னித்துக்கொள். எழுதியதற்காக இல்லை. அடுப்பில் வைத்தது நீ, அதை நான் ஏன் மறைக்க வேண்டும்? துண்டால் முகத்தை மூடிக்கொண்டவனை விட்டுவிட்டு எழுதினேனே, அதற்காக. நாலு பேர் பார்க்க விட்டதை நாலு பேர் பார்க்கத்தான் சேர்க்க முடியும்.

இன்னொன்றும் உனக்குத் தெரியாது. அது இரவல் புத்தகம். கொடுத்தவளுக்கு என்ன பதில் சொல்வது என்று அழுதுகொண்டிருந்தேன். அப்பா ரயிலேறித் திருவனந்தபுரம் போய்ப் புதிதாக ஒன்று வாங்கிவந்தார், கோழித்தீவனப் பைக்குள் வைத்து. "அண்ணன்கிட்ட சொல்லாண்டாம் மக்களே" என்றார். திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் அந்தப் பக்கத்தை அவருக்குக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, வரிக்கு அடியில் விரல் வைத்து மெதுவாக வாசித்தார். இரண்டு தடவை. அப்புறம், "இது உங்க அண்ணனுக்குப் பிடிக்கும்" என்றார்.

அந்த வசனத்தையே போடு. கடைசிக்கும் சத்துருவுக்கும் நடுவில் ஒரு 'ச்' வரும், கல் வெட்டுகிறவரிடம் தாளில் எழுதிக் கொடு. பெரியப்பா கல்லில் விட்டதுபோல விட்டுவிடப் போகிறார். பாதிக் காசு நான் அனுப்புகிறேன்.

தங்கச்சி